எண்ணிக்கையில் வராத நேயர்கள்

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் சாலை கோமுகி அணைப் பக்கம் கடந்ததும் மேலே ஏறத் தொடங்குகிறது. சில வளைவுகளுக்குள் பண்பலைப் பாட்டு உடைந்து உடைந்து கேட்கும். அப்புறம் வெறும் இரைச்சல்தான். கைப்பேசியில் சிக்னல் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போய்விடும். பண்பலையும் கைப்பேசி அலையும் நேர்கோட்டில் போகிறவை. குறுக்கே மலை நின்றால் நின்றுவிடும். கல்வராயன் மலையின் உள்ளூர்களில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. சாலையும் பேருந்தும் மின்சாரமும் அங்கே எப்படித் தாமதமாக ஏறினவோ, அப்படித்தான் சிக்னலும் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இந்த மலையைப் பொருட்படுத்தாத ஓர் அலை இருந்தது. சிற்றலை. ரேடியோ வைத்திருந்தவர்கள் ஷார்ட்வேவ் என்பார்கள். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்த அலைகள் வானத்துக்கு ஏறி, அங்குள்ள அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மறுபடி தரைக்கு இறங்கும். லண்டனில் வாசித்த தமிழ்ச் செய்தி ஓமனிலோ சிங்கப்பூரிலோ இருந்த மறு ஒலிபரப்பு நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து கிளம்பி, கடலைத் தாண்டி ஒரே தாவலில் நம் ஊர்க் கூரைகளின் மேல் இறங்கியது. நடுவில் கோபுரம் வேண்டாம், கம்பி வேண்டாம், உள்ளூர் நிலையம் வேண்டாம். அதை நிறுத்த வேண்டுமானால் அனுப்புகிறவன் நிறுத்த வேண்டும், அல்லது கேட்கிற இடத்தைச் சுற்றி எதிர் இரைச்சல் கிளப்பி அமுக்க வேண்டும்.

அனுப்புகிறவர்கள்தான் நிறுத்தினார்கள். பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு முடிந்தது. 1941 மே மாதம், இரண்டாம் உலகப் போரின் நடுவில் தொடங்கியது அது. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிய ஒலி.

ஓர் அரசாங்கம் தன் மக்களின் வரிப்பணத்தை எடுத்து, தன்னை என்றும் காணப்போகாத வேறொரு தேசத்து மக்களுக்கு, அவர்கள் மொழியிலேயே தினமும் செய்தி சொல்வது வீண்செலவா? கணக்குப் பார்க்கிறவர்கள் வீண் என்றுதான் எழுதிவைத்தார்கள். கேட்டவர்கள் பக்கமிருந்து அந்தக் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

"லண்டன் என்னா சொல்றான்?"

எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு பழைய செட் இருந்தது. உத்திரத்தின் குறுக்கே பட்டையான கம்பிவலை ஏரியல். அது போதாது என்று ஒரு செப்புக் கம்பியை ஓட்டு வழியாக வெளியே இழுத்துப் புளியமரக் கிளையில் கட்டியிருந்தார். திருகைத் திருப்பினால் கண்ணாடிக்குப் பின்னால் முள் நகரும். சிற்றலையில் முள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வேறு நாடு. 31 மீட்டரில் தேடுவார், கிடைக்காவிட்டால் 41, அதுவும் இல்லையென்றால் 49. அரபிப் பாட்டும் தந்திச் சத்தமும் சீழ்க்கையும் கடந்துபோகும். சட்டென்று தமிழ் கேட்கும். அலை அடித்து அடித்து வரும்; ஒரு வாக்கியம் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருக்கும், அடுத்த வாக்கியம் கிணற்றுக்குள் போய்விடும். பேட்டரிக் கட்டை இளைத்துப்போனால் மறுநாள் வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு வாரம் ஓட்டுவார்.

தெருவில் போகிறவர்கள் வாசலில் நின்று, "அண்ணே, லண்டன் என்னா சொல்றான்?" என்பார்கள். "இருடா, இப்பத்தான் ஆரம்பிக்கிறான்" என்பார் இவர். தமிழ்நாட்டின் எத்தனையோ திண்ணைகளில் இந்தப் பேச்சு நடந்திருக்கும். ஒரு செய்தி உண்மையா என்று பார்க்க ஊருக்கு வெளியே ஓர் உரைகல் இருந்தது என்பதே அதன் பொருள்.

அதற்குக் காரணமும் இருந்தது. அப்போது நம்மூர் வானொலி முழுக்க முழுக்க அரசாங்கத்தின் கையில். 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாகின. வெளிநாட்டு நிருபர்களும் தணிக்கை விதிகளுக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்; பிபிசி மறுத்துத் தன் நிருபரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. இந்தியாவுக்குள் என்ன நடக்கிறது என்பதை இந்தியர்கள் வெளிநாட்டுச் சிற்றலையில் கேட்டுத் தெரிந்துகொண்ட காலம் அது. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுடப்பட்டார். மரணத்தை ஆகாசவாணி மாலையில்தான் சொன்னது. பிபிசி பிற்பகலிலேயே சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே டிரான்சிஸ்டரில் பிபிசியைப் பிடித்துத்தான் நிலைமையைத் தெரிந்துகொண்டார் என்பது எல்லோரும் அறிந்த வரலாறு. நாட்டின் அடுத்த பிரதமருக்கே தன் தாயைப் பற்றிய செய்திக்கு இன்னொரு நாட்டின் வானொலி தேவைப்பட்டது.

தமிழோசை என்ற பெயரைச் சூட்டியவர் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம் என்பார்கள். 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலைத் தமிழில் எழுதியவர் அவர். சங்கரமூர்த்தி, ஆனந்தி சூரியப்பிரகாசம், திருமலை மணிவண்ணன் என்று வரிசையாக வந்தவர்களின் குரல் தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் பொதுவாக இருந்தது. அந்தத் தமிழ் எந்த ஊர்த் தமிழும் இல்லை, எல்லா ஊருக்கும் விளங்கும் தமிழ். செய்தி வாசிப்பில் ஏற்ற இறக்கம் கிடையாது. யார் செத்தாலும் யார் ஜெயித்தாலும் ஒரே நிதானம். இரவு 9.15 மணிக்கு அந்த நிதானத்தைக் கேட்டுவிட்டுத்தான் பலர் படுத்தார்கள்.

பீகிங்கும் கொழும்பும்

தமிழர்களோடு தமிழில் பேச விரும்பிய அரசுகள் பல. இரண்டாம் உலகப் போரில் லண்டன் தமிழில் பேசத் தொடங்கியபோது, எதிர்த்தரப்பில் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலியும் தமிழில் பேசியது. மாஸ்கோ பேசியது, வத்திக்கான் பேசியது. 1962இல் இந்தியாவும் சீனாவும் போரிட்டன. அடுத்த ஆண்டே, 1963 ஆகஸ்ட் 1 அன்று, பீகிங் (பீஜிங்) வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. பகை நாடு என்று நாம் எண்ணியவர்கள் அங்கே உட்கார்ந்து தமிழ் படித்து, கலையரசி போன்ற தமிழ்ப் பெயர்களை வைத்துக்கொண்டு நம்மிடம் பேசினார்கள். நம் பக்கத்துச் சிற்றூர்களில் இருந்தெல்லாம் அவர்களுக்கு அஞ்சலட்டை போனது. எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதி அனுப்பினால், கேட்டதை உறுதிசெய்து வண்ண அட்டை ஒன்று வரும். அதற்காகவே நேயர் மன்றம் அமைத்து, ரப்பர் முத்திரை அடித்துக்கொண்டு, மாதா மாதம் கூடிப் பேசினார்கள். சுற்றிலும் கரும்பும் மரவள்ளியுமாக இருந்த ஒரு நிலத்தில் உட்கார்ந்து பீகிங்குக்கும் மாஸ்கோவுக்கும் கடிதம் எழுதிய அந்த மனிதர்களை நான் மிகவும் மதிக்கிறேன். பாஸ்போர்ட் எடுக்காமலே உலகத்தோடு தொடர்பில் இருந்தவர்கள் அவர்கள்.

அவை பிரசாரம் தானே என்று கேட்கலாம். ஆமாம், பெரும்பகுதி பிரசாரம்தான். திபெத்தைப் பற்றிப் பீகிங்கும், ஆப்கானிஸ்தானைப் பற்றி மாஸ்கோவும் சொன்னதை யாரும் அப்படியே விழுங்கவில்லை. ஒரே இரவில் மூன்று நாடுகளைத் திருப்பிக் கேட்கிற ஒருவருக்கு, எவன் எதைச் சொல்கிறான் என்பதைவிட எவன் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்பது பழகிவிடும். பள்ளிக்கூடம் முடிக்காத பெரியவர்களிடம் அந்தக் கூர்மையை நான் பார்த்திருக்கிறேன்.

கொழும்பின் கதை வேறு. தென்கிழக்காசிய நேசப்படைகளுக்காக ஏக்கலவில் நிறுவப்பட்ட சக்திவாய்ந்த சிற்றலைப் பரப்பி, பின்னால் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950களின் தொடக்கத்தில் ஆகாசவாணி திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்தபோது, இந்தியா முழுதும் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பியது. வடக்கே அமீன் சயானியின் பினாகா கீத்மாலா, தெற்கே எஸ்.பி. மயில்வாகனம், பின்னால் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். அது விளம்பரத்தில் ஓடிய வர்த்தக சேவை என்றாலும் அரசின் வானொலிதான். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கி கட்டியவர்கள்கூட ஹமீத் மாதிரிப் பேசிப் பார்த்தார்கள். ஒரு சிறிய தீவு நாட்டைப் பற்றித் தமிழ்நாட்டு மக்களுக்கு இருந்த பிரியத்தில் பெரும் பங்கு அந்தக் குரல்களுக்கு உண்டு. 1957இல் ஆகாசவாணி விவித் பாரதி சேவையைத் தொடங்க வேண்டி வந்ததும் கொழும்பின் இந்தச் செல்வாக்கால்தான்.

வன்னியில் சுழன்ற சக்கரம்

சிற்றலையின் மதிப்பை எடைபோட நமக்குக் கிடைத்த மிகக் கொடுமையான சான்று ஈழத்தில் இருக்கிறது. 1990களில் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இருந்தபோது, தடுக்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் பேட்டரியும் இருந்தது. மின்சாரமும் இல்லை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மக்கள் என்ன செய்தார்கள்? மிதிவண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து இழுத்த ஒயரில் ரேடியோ பாடியது. ஒருவர் சுற்ற மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கை ஓய்ந்தால் குரல் இறங்கும். இன்னொருவர் வந்து பிடித்துக்கொள்வார். தமிழோசையும் பிலிப்பைன்சிலிருந்து திருச்சபை நடத்திய வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பிரிவும் அப்படித்தான் கேட்கப்பட்டன. எந்த ஊரில் குண்டு விழுந்தது, எந்தச் சாலை திறந்திருக்கிறது, பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பதெல்லாம் பக்கத்து ஊரில் நடந்தவை. அந்தச் செய்தி லண்டன் போய் வானத்தில் ஏறித் திரும்பி வந்து அவர்களை அடைந்தது.

அதே இலங்கையில் இன்னொரு பாடமும் நடந்தது. பிபிசியின் தமிழ், சிங்கள நிகழ்ச்சிகளை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் பண்பலையில் மறு ஒலிபரப்புச் செய்துவந்தது. பண்பலையில் கரகரப்பு இல்லை, எல்லோரிடமும் செட் இருக்கிறது, செலவும் குறைவு. சிற்றலையை மூடச் சொல்கிறவர்கள் இன்றும் காட்டும் வழி இதுதான். போர் உச்சத்தில் இருந்தபோது அந்த நிகழ்ச்சிகளில் குறுக்கீடுகள் நேர்ந்தன; சில பகுதிகள் ஒலிபரப்பாகவே இல்லை. 2009 பிப்ரவரியில் பிபிசி தன் நிகழ்ச்சிகளை அந்த நிலையத்துக்குத் தருவதை நிறுத்தியது. 2013 மார்ச்சில், ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை இலங்கையைப் பற்றி விவாதித்த நாட்களில், தமிழ் நிகழ்ச்சி மறுபடி வெட்டுப்பட்டது. பிபிசி மறுபடி விலகிக்கொண்டது. பண்பலையில் கேட்டவர்களுக்கு அன்று மௌனம். சிற்றலை செட் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் செய்தி வழக்கம்போல் வந்தது.

இடைத்தரகர் ஒருவர் வந்துவிட்டால், வேண்டாத நாளில் அவர் கையைக் கட்டிக்கொள்வார். பண்பலைக்கு உள்ளூர் நிலையம் இடைத்தரகர். தொலைக்காட்சிக்குக் கேபிள்காரர். இணையத்துக்குத் தொலைபேசி நிறுவனமும், அதற்கு உத்தரவு போடுகிற அதிகாரியும். 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் மாதக்கணக்கில். 2023இல் மணிப்பூரில். ஒரு கையெழுத்து போதும். தமிழோசை வலைத்தளத்தில்தான் இருக்கிறதே, கைப்பேசியில் படிக்கலாமே என்று சொல்வது, கைப்பேசி வேலை செய்கிற நாளுக்கு மட்டும் பொருந்தும்.

ஏன் மூடினார்கள்?

பணம்தான் முதல் காரணம். பிபிசி உலக சேவையின் செலவை நெடுங்காலம் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை ஏற்றிருந்தது. 2014 ஏப்ரல் முதல் அந்தச் சுமை பிரிட்டிஷ் வீடுகள் கட்டும் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தின் மேல் விழுந்தது. இங்கிலாந்தில் கட்டணம் கட்டுகிறவர், கச்சிராயபாளையத்தில் ஒருவர் கேட்பதற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். வெளியுறவுத் துறை கொடுத்தால் அந்தக் கேள்வி எழாது. தூதரகத்துக்குச் செலவழிக்கிற அரசு, அதே காரணத்துக்காக இதற்கும் செலவழிக்கிறது. பிறகு 2015இல் பிரிட்டிஷ் அரசு உலக சேவைக்குப் புதிதாக நிதி ஒதுக்கியது. அதில் தெலுங்கு, மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி மொழிகளில் 2017இல் புதிய சேவைகள் பிறந்தன. அதே ஆண்டுதான் தமிழோசையின் சிற்றலை அணைந்தது. பணமே இல்லாமல் போய்விடவில்லை. பணம் திரைக்குப் போனது.

திரைக்குப் போனதற்கு இரண்டாவது காரணம் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வலைத்தளத்தில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நொடி நின்றார்கள், எந்த ஊர், என்ன வயது என்றெல்லாம் கணக்கு காட்டலாம். சிற்றலை கேட்கிறவரை யாரும் எண்ண முடியாது. அவர் வாங்கிய செட்டுக்கு விலாசம் இல்லை. அவர் திருகியதற்குப் பதிவு இல்லை. அஞ்சலட்டை எழுதியவர்கள் மட்டும் கணக்கில் வந்தார்கள். எழுதாமல் கேட்டவர்கள், எழுதப் பயந்து கேட்டவர்கள், எழுதப் படிக்கத் தெரியாமல் கேட்டவர்கள் வரவில்லை. வன்னியில் பெடல் சுற்றியவரை எந்தக் கணக்கெடுப்பு எண்ணியது? தடயம் விடாமல் கேட்கலாம் என்பதே சிற்றலையின் பெரிய பலம். அந்தப் பலத்தாலேயே வரவு செலவுக் கூட்டங்களில் அதற்காகப் பேச ஓர் எண் இல்லாமல் போனது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சிற்றலைப் பரப்பிகள் 250, 500 கிலோவாட் சக்தியில் இயங்குபவை, மின்கட்டணம் பெரிது. புதிய ரேடியோக்களில் சிற்றலை பேண்டே இருப்பதில்லை. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் போய்க் கேட்டால் பண்பலை செட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் காலத்தில் இல்லாத எல்இடி விளக்கும் கைப்பேசி சார்ஜரும் இன்வெர்ட்டரும் வீட்டுக்குள்ளேயே இரைச்சலை உண்டாக்கி, தூரத்து நிலையத்தை மூழ்கடிக்கின்றன. இளைஞர்களுக்கு அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டு உட்காரப் பொறுமை இல்லை. எல்லாம் உண்மை. சாதாரண நாளில் சிற்றலைக்குப் பெரிய கூட்டம் இனிமேல் வராது. ஆனால் சாதாரண நாளில் ஆள் இல்லை என்று தீயணைப்பு நிலையத்தை யாரும் மூடுவதில்லையே.

உலகம் இதை அவ்வப்போது நினைவுபடுத்திக்கொள்கிறது. 2017 ஜனவரி 31 அன்று ரேடியோ ஆஸ்திரேலியா சிற்றலையை நிறுத்தியது. புயல் எச்சரிக்கைக்கு அதை நம்பியிருந்த பசிபிக் தீவு மக்கள் குரலெழுப்பினார்கள். காலியான அலைவரிசைகளில் சிலவற்றைச் சீனா எடுத்துக்கொண்டது. 2011இல் பிபிசி இந்திச் சிற்றலையை மூடப்போகிறது என்றதும் மார்க் டல்லி, அருந்ததி ராய் உள்ளிட்ட பலர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அந்த ஒலிபரப்பு 2020 ஜனவரி வரை நீடித்தது. 2022இல் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்ததும், பிபிசி அந்தப் பகுதிக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் சிற்றலையில் ஆங்கிலச் செய்தியைப் புதிதாகத் தொடங்கியது. கைவிட்ட கருவியைத் திரும்ப எடுத்தார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் ஓர் உத்தரவால் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா முடங்கியது; 1942 முதல் ஓயாமல் ஒலித்த வானொலி அது. அரசு பணம் கொடுக்கிற வானொலிக்கு இருக்கும் ஆபத்து அது. கொடுக்கிற கை ஆசிரியரின் மேசைக்கு வரக்கூடாது, கோபத்தில் பையையும் மூடிக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டுக்கும் சட்டம் இருந்தால்தான் நேயர் நம்புவார். தமிழோசையை மக்கள் நம்பியதற்கு, பணம் கொடுக்கிற கைக்கும் ஆசிரியரின் மேசைக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒரு பெரிய காரணம்.

நம் பங்கு

பிரிட்டனைக் குறை சொல்வதோடு நின்றுவிட முடியாது. அயல்நாடுகளுக்கு ஒலிபரப்பும் பிரிவை ஆகாசவாணி 1939இலேயே தொடங்கிவிட்டது. தமிழ் அதில் முக்கியமான மொழியாக இருந்தது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பர்மா என்று தமிழர் பரவிய கரைகளை நோக்கி இந்தியா தமிழில் பேசியது. ஆகாசவாணியும் தன் சிற்றலைப் பரப்பிகளைக் கடந்த ஆண்டுகளில் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்திருக்கிறது. வானொலியை அரசின் நேரடிப் பிடியிலிருந்து விடுவிக்க 1990இல் பிரசார் பாரதி சட்டம் வந்தது, 1997இல் நடைமுறைக்கும் வந்தது. செய்தியில் அந்தச் சுதந்திரம் முழுமையாக வந்துசேரவில்லை என்பதைக் கேட்கிற எவரும் அறிவார்.

உலகில் தமிழ் பேசும் மக்களில் மிகப் பெரும்பான்மையோர் இந்தியக் குடிமக்கள். தமிழுக்கு ஒரு சர்வதேசச் சிற்றலைக் குரல் வேண்டுமென்றால் அதை லண்டனிடமும் பீஜிங்கிடமும் கேட்பதைவிட டெல்லியிடம் கேட்பதே முறை. நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம். அமைச்சகத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஓர் ஆசிரியர் குழு. யாழ்ப்பாணத்துச் செய்தி, மலையகத்துச் செய்தி, பினாங்குச் செய்தி, நம் சட்டமன்றச் செய்தி, கூடவே வானிலை.

வானிலையைச் சும்மா சேர்க்கவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். கைப்பேசிக் கோபுரம் அவ்வளவு தூரம் எட்டாது. படகில் இருக்கும் விஎச்எஃப் கருவியும் எட்டாது. எச்சரிக்கை போய்ச்சேராமல் எத்தனையோ பேர் திரும்பவில்லை. கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் படகுக்கும், சிக்னல் ஏறாத கல்வராயன் மலைக் கிராமத்துக்கும் ஒரே நேரத்தில் எட்டுகிற அலை சிற்றலை. இப்போது செயற்கைக்கோள் கருவிகளைப் படகுகளுக்குத் தருகிறார்கள், நல்லது. அதோடு, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிற்றலை செட் ஒன்றையும் தரலாம். 2006 தேர்தலுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்த மாநிலம் இது. ஆழ்கடல் போகும் ஒவ்வொரு படகுக்கும், மலையேறும் சாலையில் சிக்னல் அறுந்துபோகும் ஒவ்வொரு கிராமத்து ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒரு ரேடியோ என்பது அந்தக் கணக்கில் ஒரு வரிகூட ஆகாது. முதலில் அதில் கேட்பதற்குத் தமிழில் ஒரு நிலையம் வேண்டும்.